தணலுக்கு ஒரே கை

போன வாரம் அன்செல்மோ பெர்த்தோனியைச் சங்கக் கூட்டத்தில், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்ற கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம். இதய அறுவைச் சிகிச்சை நடந்து ஒரு குளிர்காலம்தான் கழிந்திருக்கிறது. அந்த மனிதர் ஒரு வாரமாக நிற்கிறார். முதலில் அவரை உட்கார வைப்போம்.

"நாடுகளின் திருவிழாவுல நம்ம பந்தல் தணலை இந்த வருஷம் என் பொண்ணு பிடிப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

கூட்டம் மாத்தே என்ற எங்கள் இலைத் தேநீரை உறிஞ்சுவதைக்கூடக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டது.

மலாகா கடற்கரையில் அர்ஜென்டினாக்காரர்கள் நாங்கள் எக்கச்சக்கம். சொந்த நாட்டில் வங்கிகள் கதவைச் சாத்தியபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்கள்தான் பாதிப் பேர். வருஷம் முழுக்க ஆளுக்கொரு திசையில் ஓடினாலும், வசந்தத்தில் எங்கள் ஊர் நடத்தும் திருவிழாவில் ஒரே பந்தலின் கீழே கூடிவிடுவோம். ஒவ்வொரு நாட்டுக்காரர்களும் ஒரு பந்தல் போட்டுத் தங்கள் சமையலைக் காட்டும் விழா அது. எங்கள் பந்தலின் தணல் இத்தனை வருஷமும் கறிக்கடை அன்செல்மோவுடையது.

மருத்துவர் புகைக்கும் வெக்கைக்கும் தடை போட்ட செய்தி வந்ததுமே, அடுத்த ஆள் தான்தான் என்று சங்கத் தலைவர் ஒராசியோ கின்த்தானா முடிவு கட்டியிருந்தார். சமையலுக்குத் தோலில் புதிதாக ஓர் அங்கிகூட வாங்கிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றதாக அவர் மனைவியே ஊருக்குச் சொல்லிவிட்டாள்.

ஆகவே அவர் ஆட்சேபித்ததில் ஆச்சரியமில்லை. அன்செல்மோவின் மகள் அய்லேன் நாலு வயதில் இங்கே வந்தவள், பேச்சே மலாகாக்காரி பேச்சு, நம் மண்ணில் விறகு பொறுக்காதவளுக்கு நம் தணல் எப்படிப் பிடிபடும் என்று கேட்டார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. இந்த வருஷம் அய்லேன். சாப்பாடு கெட்டால், அடுத்த வருஷத்திலிருந்து தணல் ஒராசியோவுக்கு, காலாகாலத்துக்கும்.

அந்த நாள் இதோ வந்துவிட்டது. சனிக்கிழமை.

காலையிலேயே அய்லேன் விறகை மூட்டிவிட்டாள். எங்கள் முறை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கறி ஒரு பக்கம், நெருப்பு ஒரு பக்கம். ஓரத்தில் இரும்புக் கூடையில் விறகு எரிந்து தணலாக உதிரும். அதைக் கரண்டியால் அள்ளி அள்ளிக் கம்பித்தட்டின் அடியில் பரப்ப வேண்டும். எங்கே எவ்வளவு, எப்போது என்பதுதான் வித்தை. மாட்டு விலா முழுசாக, எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி, மணிக்கணக்கில் பொறுமையாக வேகும்.

இதில் சட்டம் ஒன்றுதான். தணலுக்கு ஒரே கை. பிடிப்பவருக்கு மது ஊற்றிக் கொடுக்கலாம், அறிவுரை சொல்லலாம், திட்டவும் செய்யலாம். கரண்டியை மட்டும் தொடக் கூடாது. அடுத்தவர் தணலைக் கிளறிவிட்டு அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை இல்லாமல் போன வீடுகள் எங்களில் உண்டு. கறி நன்றாக அமைந்தால், முதல் வாய் உள்ளே போனதும் யாராவது எழுந்து, தணல் பிடித்தவருக்கு ஒரு கைதட்டு என்று குரல் கொடுப்பார்கள். எல்லோரும் தட்டுவோம். அந்தக் குரல் வராத விருந்தை நான் என் வாழ்நாளில் இரண்டு முறைதான் பார்த்தேன். தணல் பிடித்த அந்த இருவரும் பிறகு எங்கள் பக்கமே தலைகாட்டவில்லை.

அய்லேன் தணல் பிடிக்கக் கற்றது அப்பாவிடம் அல்ல. பதினாறு வயதில் ஒரு தடவை கரண்டியைக் கேட்டாள். அவர் தக்காளி நறுக்கச் சொன்னார். நறுக்கிவிட்டு, பள்ளிப் படிப்பு முடிந்ததும் வடக்கே பாஸ்க் தேசத்துக்குப் போய் ஒரு சுட்டகறிக் கடையில் நாலு வருஷம் புகையில் நின்றுவிட்டு வந்தாள். ரோஷக்காரி. யார் பெண்?

அதனால்தான் காலையில் அப்பாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பந்தலுக்கு வரலாம், உட்காரலாம். ஆனால் தணலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அன்செல்மோவும் சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பிப் போட்டார். எதிரே மலை. பின்னால் மகள், தணல், கடல்.

முதுகைத் திருப்பினால் காது சும்மா இருக்குமா? கொழுப்பு சொட்டித் தணலில் விழும் சுர்ரென்ற சத்தத்துக்காக அவர் காத்துக்கொண்டே இருந்தார். அது வரவே இல்லை.

அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் உண்டு. இளமையில் வைத்த பெயரால் இன்றைக்கும் அவரை ஒல்லி என்றுதான் கூப்பிடுகிறோம். இப்போது அவர் உட்கார இரண்டு நாற்காலி வேண்டும். விறகு போடும் வேலை அவருடையது. அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு அன்செல்மோ மெதுவாக விசாரித்தார்.

"தணல் எப்படிடா இருக்கு?"

"கம்மியாத்தான் போட்டிருக்கா."

"எவ்வளவு கம்மி?"

"நம்ம ஊர்ல பூனைக்குக் குளிர் காய வைப்போமே, அவ்வளவு."

அன்செல்மோவுக்கு வியர்த்தது. சொந்த ஊர் ஒலவர்ரியா. சமவெளி. காற்று அங்கே ஈரமாக, ஒரே சீராக வரும். அங்கே பழகிய கணக்குப்படி அவ்வளவு தணலில் விலா வேக ராத்திரி ஆகிவிடும்.

ஆனால் இது ஒலவர்ரியா இல்லை. காலையிலிருந்தே மலையிலிருந்து வெக்கைக் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கடற்கரையில் வளர்ந்த குழந்தைகளுக்கு அந்தக் காற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். துணி காயும், உதடு வெடிக்கும், சாம்பலுக்கு அடியில் தூங்கும் தணல் பார்வைக்குத் தெரியாமல் இரண்டு மடங்கு சுடும். அதனால்தான் அய்லேன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் ஒன்றும் செய்யாமல் நின்றதுதான் அவளுடைய வேலை. அப்பாவுக்கு அது தெரியாது. முதுகைத் திருப்பியிருக்கிறாரே.

மதியம் நெருங்கியது. மேசைகள் நிரம்பின. அறிவுரை சொல்ல ஒவ்வொருவராகத் தணல் பக்கம் போய்வந்தார்கள். இன்னும் கொஞ்சம் போடும்மா என்றார் ஒருவர். எடுத்துடும்மா என்றார் அடுத்தவர். அய்லேன் எல்லோருக்கும் ஒரே புன்னகையைக் கொடுத்தாள். ஒராசியோ தன் பங்குக்கு, பசி செத்துப்போவதற்குமுன் கறி கிடைக்குமா அல்லது ஆளுக்கொரு ரொட்டியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அன்செல்மோவின் முதுகில் வந்து விழுந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா நகரசபை ஆட்கள் படம் எடுக்க வர வேண்டும்? பந்தல் வாசலில் கொடிக்குக் கீழே தணல் பிடிப்பவர் நிற்க வேண்டுமாம். அய்லேன் ஒல்லியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். ஒல்லியும் பார்த்துக்கொண்டார், ஒரு குவளை பியர் கண்ணில் படும்வரை.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்செல்மோ எழுந்தார். திரும்பினார். காலையிலிருந்து முதல் தடவையாகத் தணலைப் பார்த்தார். சாம்பல் பூத்து, வெளுத்து, செத்துப்போன மாதிரி கிடந்தது. இப்படியே விட்டால் மகள் இத்தனை பேர் முன்னால் தோற்றுப்போவாள், ஒராசியோ சிரிப்பான், இனிமேல் இவளை யாரும் தணல் பக்கம் விட மாட்டார்கள். அவருக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

எல்லோரும் வாசலில் படம் எடுப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்டியை எடுத்தார். இரும்புக் கூடையின் அடியிலிருந்து செக்கச்செவேலென்று அள்ளினார். விலாவுக்கு அடியில் தள்ளினார். ஒன்று, இன்னொன்று, மனது கேட்காமல் மூன்றாவதும். வந்து முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் சுர்ரென்று சத்தம் வந்தது. ஆகா என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குக் கொஞ்சம் முன்போ பின்போ, ஒராசியோவும் அந்தப் பக்கம் போனார். கல் உப்புச் சாடி கம்பித்தட்டின் ஓரத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் திரும்புவதைப் பந்தலில் பாதிப் பேர் பார்த்தார்கள்.

அய்லேன் வாசலிலிருந்தே புகையின் நிறத்தைப் பார்த்தாள். படம் எடுப்பவரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். காற்று புதுத் தணலைப் பிடித்துக்கொண்டு விசிறியது. நடுவில் இருந்த விலாக்களின் அடிப்பக்கம் கருகிக்கொண்டிருந்தது. கம்பித்தட்டை மேலே ஏற்றினாள். தணலை இழுத்து வெளியே தள்ளினாள். கறியை ஒவ்வொன்றாகப் புரட்டி ஓரத்துக்குக் கொண்டுபோனாள். வேலை முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"என் தணல்ல கை வெச்சது யாரு?"

பெரிதாகக் கத்தவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு எங்கள் பந்தலில் சத்தம் தேவையில்லை. முதலில் பக்கத்து மேசை அடங்கியது, பிறகு அதற்கடுத்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய கண்ணும் உப்புச் சாடியோடு உட்கார்ந்திருந்த ஒராசியோவிடம் போய் நின்றது.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? நான் உப்பு எடுக்கத்தான் போனேன்."

"உங்க மேசையில உப்பு இருந்துச்சே, தலைவரே" என்றாள் அய்லேன்.

"அது பொடி உப்பு, பொண்ணே. செத்துப்போன என் அம்மா மேல சத்தியம், நான் தொடலை."

யாரும் நம்பவில்லை. கறி கெட்டால் லாபம் யாருக்கு? அந்த ஒப்பந்தத்தைப் போட்டதே அவர்தானே? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒராசியோ பேச்சில் முந்திரிக்கொட்டைதான். ஆனால் அப்படிப்பட்ட காரியம் செய்கிறவர் இல்லை. அன்றைக்கு அதை எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அய்லேன் அவரை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தணலுக்குத் திரும்பினாள்.

அன்செல்மோ திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல உட்கார்ந்திருந்தார்.

அவருடைய மனைவி நெலிதா எம்பனாதா மேசையில் இருந்தாள். மாவில் கறியை வைத்து மடிக்கும் விரல்கள் நிற்காவிட்டாலும் கண் வேறு வேலை பார்க்கும். கையைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் வந்தாள்.

"உன் ஷூவைப் பாரு."

பார்த்தார். மருத்துவமனையிலிருந்து வந்தபோது நடைப்பயிற்சிக்கு என்று அவள் வாங்கிக்கொடுத்த வெள்ளை ஷூ. அதன் முனை முழுக்கச் சாம்பல்.

"காத்துல பறந்து வந்திருக்கும்."

"காத்து மலையிலேருந்து கடலுக்குப் போகுது. நீ மலைப் பக்கம் உட்கார்ந்திருக்க."

அன்செல்மோ கைக்குட்டையை எடுத்தார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நெலி, கெடுக்கணும்னு செய்யலை. சத்தமே கேக்கலை. அவ தோத்துடக் கூடாதுன்னுதான்."

"எனக்குத் தெரியாதா? அதை என்கிட்ட ஏன் சொல்ற? உப்புச் சாடியோட உட்கார்ந்திருக்கான் பாரு, அவன்கிட்ட சொல்லு."

"இத்தனை பேர் முன்னாடியா?"

"இத்தனை பேர் முன்னாடிதான அவன் திருடன் ஆனான்?"

பிறகு தணிந்த குரலில் அவர் கெஞ்சினார். நீயே அய்லேன் காதில் போட்டுவிடேன், விருந்து முடிந்ததும் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். மகள் எப்படிப் பார்ப்பாளோ என்ற பயம் அவருக்கு. அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள்கூட அவர் அப்படிப் பயந்து நெலிதா பார்த்ததில்லை. அவளுக்கும் மனது இளகத்தான் செய்தது. இருந்தாலும் விடவில்லை.

"நான் சொன்னா கோள். நீ சொன்னாத்தான் நியாயம்" என்று சொல்லிவிட்டு எம்பனாதா மேசைக்குப் போய்விட்டாள்.

கறி வெந்தது. எப்படி வெந்தது என்றால், பக்கத்து நார்வேப் பந்தலில் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு எழுந்து வந்து எங்கள் வேலி ஓரமாக நின்றார்கள். அய்லேன் விலாவைப் பலகையில் போட்டு வெட்டினாள். கத்தி உள்ளே இறங்கும்போதே கறி எலும்பை விட்டு நழுவியது. கருகிய துண்டுகளைத் தனியாக ஒரு தட்டில் அடுக்கினாள்.

முதல் தட்டு எப்போதும் வயதில் மூத்தவருக்குப் போகும். அன்றைக்கு அப்படிப் போகவில்லை. அய்லேன் கருகிய தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பந்தல் நடுவே வந்தாள்.

"இது கருகின விலா. தூக்கிப்போட மாட்டேன். என் தணல்ல யாரு கை வெச்சாங்களோ அவங்க சாப்பிடணும்."

தட்டை ஒராசியோ முன்னால் வைத்தாள்.

ஒராசியோவின் முகம் சுண்டிப்போனது. பக்கத்தில் அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கலாம் என்று வாயைத் திறந்த ஒன்றிரண்டு பேர் மூடிக்கொண்டார்கள்.

அப்போது நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அன்செல்மோ மேசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். மெதுவாகத்தான் வர முடிந்தது. ஒராசியோ முன்னால் இருந்த தட்டை எடுத்தார். கருகலிலேயே பெரிய கருகலாகப் பார்த்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மென்றார். விழுங்கினார். பந்தல் மொத்தமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மூணு கரண்டி போட்டேன்" என்றார். "ஒராசியோ தொடலை. நான்தான்."

அய்லேன் அப்பாவைப் பார்த்தாள். முதலில் அவள் கண் கலங்கியது. மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, அழப்போகிறாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பதினாறு வயதில் தக்காளி நறுக்கிய பெண் அந்த நொடியில் அவளுக்குள் வந்திருக்க வேண்டும்.

"நான் ஜெயிப்பேன்னு நீ நம்பலையாப்பா?"

"நம்பினேன். தணலைத்தான் நம்பலை."

"தணலும் நானும் வேற வேற இல்லை, இன்னிக்கு."

அய்லேன் கையை நீட்டி வாசலைக் காட்டினாள்.

"தட்டை எடுத்துக்கிட்டு வெளிய போய் உட்காருப்பா. என் தணல் எரியற வரைக்கும் பந்தலுக்குள்ள உனக்கு இடம் இல்லை."

முன் வரிசையில் ஒரு மூதாட்டிக்குப் பொறுக்கவில்லை. "பெத்த அப்பன்டி. நெஞ்சைக் கிழிச்சுத் தெச்ச மனுஷன்" என்றாள்.

"பெத்த அப்பன்தான் பாட்டி. தணல் என்னுது" என்றாள் அய்லேன்.

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. எங்கள் கடற்கரையில் எத்தனையோ பேர் தணல் பிடித்துப் பார்த்திருக்கிறேன். சொந்த அப்பாவை யாரும் வெளியே அனுப்பிப் பார்த்ததில்லை. இவளா மலாகாக்காரி? இவளுக்கா நம் மண் தெரியாது?

அன்செல்மோ மகளை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். அவமானப்பட்ட மனிதரின் முகம் அப்படி இருக்காது. மீசைக்கு அடியில் ஒரு சிரிப்பு முளைத்தது. அதை அடக்க முடியாமல், தட்டை ஏந்திக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் போகிற மாதிரி வெளியே நடந்தார்.

அய்லேன் பலகைக்குப் போனாள். இருந்ததிலேயே நல்ல துண்டை எடுத்துவந்து ஒராசியோவின் தட்டில் தன் கையால் வைத்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன், தலைவரே. விசாரிக்காம உங்க பேரைக் கெடுத்துட்டேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன், என்னை மன்னிச்சுடுங்க."

ஒராசியோ அவளைப் பார்க்கவில்லை. கறியைப் பார்த்தார். முள்கரண்டியால் தொட்டார், பிரிந்தது. வாயில் போட்டார். நாங்களும் சாப்பிட ஆரம்பித்தோம். மொறுமொறுவென்று மேல் தோல், உள்ளே சாறு, உப்பும் புகையும் மட்டும். ஆனால் குரல் கொடுக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நடந்த களேபரத்துக்குப் பிறகு அந்தக் குரலை யார் கொடுப்பது? அன்செல்மோவின் நண்பர்களுக்கு வாய் வரவில்லை. அம்மா கொடுத்தால் நன்றாக இருக்காது. அய்லேன் கத்தியைத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காத்திருந்தாள். துடைத்த கத்தியையே மறுபடி துடைத்தாள்.

ஒராசியோ எழுந்து நின்றார். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"நல்ல கறியை மோசம்னு சொல்ல என் நாக்கு பழகலை" என்றார் கடுகடுவென்று. "தணல் பிடிச்சவளுக்கு ஒரு கைதட்டு."

தட்டினோம். மேசையில் குவளைகள் ஆடின. ஒல்லி இரண்டு நாற்காலியிலிருந்தும் எழுந்து நின்று தட்டினார். வேலி ஓரத்து நார்வேக்காரர்களும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள். அய்லேன் அங்கியைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். நெலிதா மாவுக் கையோடு போய் அவளைக் கட்டிக்கொண்டாள். நானும் அழுதேன். அதிலென்ன வெட்கம்?

வெளியே அன்செல்மோ நார்வேப் பந்தலின் பெஞ்சில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை. வழியில் போகிறவர்கள் எல்லாம், என்னப்பா உன் பந்தலில் விருந்து, நீ இங்கே தனியாக உட்கார்ந்து கரியைத் தின்கிறாய் என்று கேட்டார்கள். கேட்க வேண்டும் என்றுதானே வழியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"என் பொண்ணு வெளிய தள்ளிட்டா" என்றார், ஒவ்வொருவரிடமும். புரியாதவர்களுக்குச் சைகையால் காட்டினார். நார்வேக் கிழவர் ஒருவர் பரிதாபப்பட்டுக் கொஞ்சம் மீன் கொண்டுவந்து வைத்தார்.

நெலிதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மருத்துவர் சொன்னதை நினைவுபடுத்தித் தட்டைப் பிடுங்கினாள். ஒரு துண்டு மட்டும் விட்டுவைத்தாள்.

"கைதட்டுன்னு குரல் குடுத்தது யாரு? ஒல்லியா?"

"ஒராசியோ."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது. பந்தலைத் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து ஒராசியோவே இரண்டு கையிலும் மதுக் கோப்பையோடு வந்துகொண்டிருந்தார். நெலிதா எழுந்து இடம் விட்டாள். ஒராசியோ ஒரு கோப்பையை நீட்டினார், பிறகு அன்செல்மோவின் அறுவைச் சிகிச்சை நினைவு வந்து அதையும் தானே வைத்துக்கொண்டார்.

"இத்தனை பேர் முன்னாடி என் பேரு நாறிப்போச்சு, பெர்த்தோனி."

"ஆமா. நான் செஞ்சது. ஒரு வார்த்தையில தீராது. உனக்கு என்ன வேணுமோ கேளு, குடுத்துடறேன்."

ஒராசியோ ஒரு கோப்பையைக் காலி செய்தார். கடலைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் நான் அவ பக்கத்துல நிக்கணும். விறகு போடற இடம் போதும். கரண்டியைத் தொட மாட்டேன். அந்த இடத்தை எனக்குக் குடு."

அன்செல்மோ அவரை நன்றாகப் பார்த்தார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. ஒரு நாள் முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் தலையாட்டியிருப்பார்.

"அதை என்கிட்ட ஏன் கேக்கற?" என்றார். "தணல் என்னுது இல்லையே. அவளைக் கேளு."

"குடுப்பாளா?"

"தெரியலையேப்பா. என்னையே வெளிய தள்ளினவ."

ஒராசியோ இரண்டாவது கோப்பையையும் முடித்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கொஞ்சம் தயங்கினார். பிறகு பந்தலுக்குள் போனார்.